வயிற்றுவலி என்று எழுதிக்கொண்டார்கள்

புரட்டாசி 2, சனி

விடியும்போது தூறல். பிறகு புழுக்கம். பஸ் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல், ஒரு வாரமாம். சங்கராபுரம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருக்கிறார்கள். பால் வண்டி வரவில்லை, பேப்பர் வரவில்லை. நான் மலைக்குப் போய்ச் சேர வழியில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தகவல் சொல்லவும் வழியில்லை. தலைமை ஆசிரியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். இருக்கட்டும்.

இன்று செய்ய வேண்டியவை:
மாட்டுக்குத் தவிடு.
அமுதா பாவாடைக்கு நாடா.
அவருடைய சட்டைகளை என்ன செய்வது என்று அத்தையிடம் கேட்க வேண்டும்.
கேட்க மாட்டேன். சட்டைகள் இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

"அவர்" என்று எழுதியிருக்கிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவர், இவர், அமுதா அப்பா, ஏங்க. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வாயை மூடி வைத்தார்கள். இனிமேல் எதைக் குறைக்கப் போகிறது? ராஜவேலு. ராஜவேலு. ராஜவேலு. எழுதிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை.

ராஜவேலு போன மாதம் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். எப்படி என்று இங்கே எழுத மாட்டேன். ஊரில் எல்லாருக்கும் அதில்தான் அக்கறை. நான் அப்போது மலையில், பள்ளிக்கூடத்தில். வாரக் கடைசியில்தான் கீழே இறங்குவேன். அவரும் அமுதாவும், அவர் அம்மாவான அத்தையும் இந்த வீட்டில். அடுத்த வீட்டில் அவர் தம்பி ஏழுமலை. ஏழுமலைதான் முதலில் பார்த்தது.

ஸ்டேஷனில் நடந்ததை இதுவரை எழுதவில்லை. ஏட்டு பேனா மூடியைத் திறந்தார். யாரும் வாயே திறக்கவில்லை. அதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார். தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தவர், வாழ்க்கையில் வெறுப்புற்று, இத்யாதி. கை பழகிப்போன வேகம். வயிற்றுவலி எதுவும் இல்லைங்களே என்றேன். ஏழுமலை என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஏட்டு கோபப்படவில்லை. "வயித்துவலின்னு போட்டுட்டா யாருக்கும் தொந்தரவு இல்லம்மா. இல்லன்னா ஏன் எதுக்குன்னு உங்களத்தான் கேட்டுக்கினு இருப்பாங்க" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவர் கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. இந்த வட்டாரத்தில் இப்படிப் போனவர்கள் எல்லாருக்கும் வயிற்றுவலிதான் போலிருக்கிறது.

அந்த வயிறு எனக்குத் தெரியும். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. பழைய சோறும் சுட்ட கருவாடும் தின்றுவிட்டுக் கரும்புக்கொல்லையில் பொழுது சாயும்வரை நிற்பார். நோவு வயிற்றில் இல்லை. ஆடி பிறந்ததிலிருந்து தூக்கமில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கே நேரமாகும். மூட்டை தூக்கி வைத்த மாதிரி இருக்குது தனம், ஆனா மூட்டை எங்க இருக்குதுன்னு தெரியல என்று ஒருநாள் சொன்னார். டவுன் டாக்டர் சத்து டானிக் எழுதிக்கொடுத்தார். அத்தை மந்திரித்துக் கயிறு கட்டினாள். நான் மலைக்கு வாங்க, கொஞ்ச நாள் காற்றாட இருங்க என்றேன். கரும்பு வெட்டி முடியட்டும் என்றார். மூன்று பேரும் ஆளுக்கு ஒன்று செய்தோம். ஒருத்தருக்கும் அது என்ன நோவு என்று தெரியவில்லை.


புரட்டாசி 3, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

வந்தவர்கள் சொன்னதை எழுதி வைக்கிறேன். மன்னிக்கிற புத்தி எனக்கு வந்துவிடக் கூடாது.

"புருஷன வுட்டுட்டு மலையில போயி குந்திக்கினு இருந்தா இன்னா ஆவும்?" இது மணலூர்பேட்டைச் சித்தி. துக்கம் கேட்க வந்து மறியலில் மாட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். மூன்று வேளையும் என் கையால் சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொல்கிறாள்.

"அன்னிக்கு எதுனா சண்டையா?" குறைந்தது நான்கு பேர்.

"ஆம்பளப் புள்ள இல்லாத கொற மனசுல இருந்திருக்கும்." கேட்டுக்கொண்டு அமுதா உட்கார்ந்திருக்கிறாள்.

"வயித்துவலி பொல்லாததும்மா." இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மை என்ன என்று தெரிந்தவர்கள், உண்மை தெரிந்த இன்னொருத்தரிடம், முகம் மாறாமல். சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்கிறார்கள்.

நல்ல மனுஷன் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. இந்தத் தெருவில் யார் வீட்டில் மாடு கன்று போடச் சிரமப்பட்டாலும் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடினவர். அதைச் சொல்ல ஆள் இல்லை.

மூன்றாம் நாளே காரியத்தை முடித்துவிட்டார்கள். பதினாறாம் நாள் கிடையாதாம். துர்மரணமாம், பெரிசு பண்ணக் கூடாதாம். பங்காளிகள் எல்லாரையும் புதைத்தது ஏரிக்கரையில் ஒரே இடத்தில். இவரை மட்டும் தள்ளி, ஓடைப் பக்கம். கல்யாணப் படத்தைக்கூட அத்தை சுவரிலிருந்து கழற்றி நெல் குதிருக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ஆணி அப்படியே இருக்கிறது.

அமுதாவுக்குப் பத்து வயசு. அப்பாவுக்கு வயித்துவலி வந்துச்சு, சாமிகிட்ட போயிட்டாரு என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் க.குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் உடலுக்காகக் காத்திருந்தபோது சொன்னது. திரும்பி வந்த என்னிடம் "அப்பாவுக்கு வயித்துவலிம்மா" என்று அவளே சொன்னாள், எனக்குத் தெரியாது என்று நினைத்து. ஆமாம் என்று தலையாட்டினேன்.


புரட்டாசி 5, செவ்வாய்

மேகமூட்டம். மண்ணெண்ணெய் தீர்ந்தது. காலனி ஆட்கள் களை எடுக்க வரவில்லை. தெருவைத் தாண்டி வரவே பயப்படுகிறார்களாம். மரம் வெட்டுகிற கை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்.

மத்தியானம் ஏழுமலை வந்தார். மறியலில் இருந்து நேராக. உள்ளங்கை இரண்டிலும் கோடரி பிடித்துக் கொப்புளம். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். எத்தனை மரம் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். ராஜவேலு போனதிலிருந்து இந்த ஆள் தூங்கியதாகத் தெரியவில்லை. வெட்டுவதற்கு மரம் கிடைத்தது அவருக்கு நல்லதாய்ப் போயிற்று.

பிறகு விஷயத்துக்கு வந்தார். கூட்டத்தில் சில பேர் பேசிக்கொண்டார்களாம். அண்ணன் போட்டோவைப் போட்டு நோட்டீஸ் அடிக்கலாம், இட ஒதுக்கீட்டுக்காக உயிரைக் கொடுத்தார் என்று போடலாம், பஸ் ஸ்டாண்டில் பெரிய படம் வைத்து மாலை போடலாம்.

அவர் ஒரு கூட்டத்துக்காவது வந்தாரா என்று கேட்டேன். இல்லை. கொடி பிடித்தாரா? இல்லை. மறியல் எப்போது ஆரம்பித்தது, அவர் எப்போது போனார்?

"அண்ணி, வயித்துவலின்னு சொல்லிக்கினு தலைய குனிஞ்சிக்கினு இருக்கறதுக்கு இது மேலுங்களே" என்றார்.

இட ஒதுக்கீடு கேட்பது நியாயம்தான். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாவதைத் தாண்டினார்கள், தாண்டினவன் என்ன வேலையில் இருக்கிறான் என்று வாத்தியார் வேலை பார்க்கிற எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு என் புருஷன் பிணம் வேண்டாம். ஒரு பொய்யை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஜரிகை போட்ட பொய்யை வைக்க வேண்டாம். இந்த ஊரில் படித்துவிட்டுச் சும்மா திரிகிற பையன்கள் எத்தனை பேர். உயிரோடு இருக்கிறவனை ஏறெடுத்துப் பார்க்காத ஊர், போனவனுக்கு மாலை போடுகிறது என்று அதில் ஒருத்தன் பார்த்துக்கொண்டு நின்றால்?

இவ்வளவையும் சொல்லவில்லை. சொன்னது இதுதான்: "அந்த நோட்டீஸ எங்க ஒட்டினாலும் நான் அங்க வந்து நிப்பேன். போறவங்க வர்றவங்க கிட்ட எல்லாம் இவரு எப்பிடிப் போனாருன்னு சொல்லுவேன். உங்க அண்ணன் பேருக்கு அப்பறம் இன்னா ஆவுதுன்னு பாத்துக்கோங்க."

ஏழுமலை எழுந்து நின்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "ஒரு தடவ அவர மாலையோட நல்லபடியா பாக்கணும்னு நெனச்சேன் அண்ணி. வேற ஒண்ணும் இல்ல." போய்விட்டார். கட்டின துணியை அவிழ்த்துப் படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கோபம் இன்னும் இறங்கவில்லை. சோறு வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டேன்.


புரட்டாசி 7, வியாழன்

மழை இல்லை. மறியல் முடிந்தது. பஸ் நாளையோ மறுநாளோ ஓடும். மணலூர்பேட்டைச் சித்தி மூட்டை கட்டிவிட்டாள். கிளம்பும்போது என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். சித்திக்காக இல்லை.

அமுதா சரியாகச் சாப்பிடவில்லை. நேற்றும் இல்லை. தட்டில் போட்டதைப் பிசைந்து பிசைந்து, நான் அந்தப் பக்கம் போனதும் கன்றுக்குட்டிக்கு. திட்டினேன். பசிக்கவில்லை என்கிறாள். ஏக்கம், தானே சரியாகும் என்கிறாள் அத்தை. கொல்லைப் பக்கம் போக வேண்டுமென்றாலும் துணைக்கு ஆள் கூப்பிடுகிறாள். முன்னெல்லாம் இருட்டில் தனியாக ஓடுகிற பெண்.

இன்று அத்தை அடுப்படியில் தானாகப் பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. "ஓமத்த வறுத்து தண்ணி வெச்சி குடுத்திருக்கலாம். பெருங்காயம் வூட்ல இருந்துச்சே. கேட்டானா பாரு. ஒரு வார்த்த வலிக்குதும்மான்னு சொன்னானா பாரு."

ஏட்டு எழுதியதை ஊர் சொன்னது, ஊர் சொன்னதை இவள் சொன்னாள், இப்போது இவளே நம்பிவிட்டாள். இல்லாத வலிக்கு, கொடுக்காத ஓமத் தண்ணீருக்காக ஒரு தாய் தன்னைத் தானே கரித்துக்கொட்டிக்கொண்டிருக்கிறாள். உண்மை சொன்னால் இவளுக்குத் தாங்காது என்றுதானே எல்லாரும் மூடினோம். இது மட்டும் தாங்குகிறதா?

அவள் மேல் எனக்குக் கோபம்தான். இன்று மட்டும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.


புரட்டாசி 9, சனி

மலை. குளிர். குவார்ட்டர்ஸில் பூஞ்சை வாடை. எழுதக் கை விறைக்கிறது.

காலையில் பெரிய ரகளை. மூன்று மாதமாவது படி தாண்டக் கூடாது என்றாள் அத்தை. நான் பெட்டியில் துணி வைத்தேன். சரி, நீ போ, பெண்ணை விட்டுவிட்டுப் போ என்றாள். அமுதா துணியையும் எடுத்து வைத்தேன். ஊர் என்ன பேசும் என்றாள்.

"ஊரு பேசிக்கினுதான் இருக்குது அத்தை. நான் இருந்தாலும் பேசுது, போனாலும் பேசும். எம்பொண்ணு எங்கூட வரட்டும்."

"எம்புள்ளையும் போயி, அவம் புள்ளையும் போனா இந்த வூட்ல நான் ஆரப் பாத்துக்கினு இருக்கறது?" என்று கேட்டாள். நீங்களும் வாங்க என்றேன். வரமாட்டாள், தெரியும். வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். தெரு பார்த்தது. நான் அமுதா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பஸ்ஸில் கூட்டம். வெட்டின மரங்களை ஓரமாக இழுத்துப் போட்டிருக்கிறார்கள். வழி நெடுக அடிமரங்கள். முன் சீட்டில் ஒருத்தர் அந்தந்த ஊரில் யார் யார் உள்ளே போனார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். க.குறிச்சியில் மலை பஸ்ஸுக்கு வெகு நேரம். பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். அமுதா பையில் போட்டுக்கொண்டாள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது என் மடியில் சாய்ந்தாள். இரண்டு கையையும் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு. வளைவில் குமட்டுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சின்னப்பொண்ணு வந்தாள். பள்ளிக்கூடச் சமையல்காரி, இந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண். மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தாள். சுற்றி வளைக்காமல் டீச்சர் வூட்டுக்காரரு எப்பிடிப் போனாரு என்று கேட்டாள். அமுதா வெளியே இருந்தாள். தானே போய்க்கொண்டார் என்று சொன்னேன். வாய் திறந்து சொன்னது இதுதான் முதல் தடவை.

சின்னப்பொண்ணு ஐயோ என்று சொல்லவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. கிழங்கைத் தோல் உரித்து முடித்தாள். "எங்க அண்ணனும் அப்பிடித்தான் டீச்சர். ரெண்டு மழ ஆச்சி. எனக்கு இன்னும் அவம் மேல ஆத்திரம் அடங்கல." அவ்வளவுதான். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் போய்விட்டாள். கீழே இத்தனை நாள் இத்தனை பேர் பேசியதில் ஒன்றுகூட என்னிடம் ஒட்டவில்லை. இது ஒட்டியது.


புரட்டாசி 12, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை பனி விலகவே இல்லை. ஐந்தாம் வகுப்பு, கணக்கு. அமுதாவைத் தற்காலிகமாக உட்கார வைக்கத் தலைமை ஆசிரியர் சம்மதித்திருந்தார். இரண்டாவது வரிசையில் பொன்னி. கணக்குப் புத்தகத்தை எடுத்தாலே பொன்னிக்கு வயிறு வலிக்கும். வகுப்புக்கே தெரிந்த விஷயம். நேற்றும் வழக்கம் போல எழுந்து, "டீச்சர், வயிறு வலிக்குது, ஆஸ்டலுக்குப் போறேன்" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போ என்றேன்.

அமுதா எழுந்தாள். முகம் சுண்ணாம்பாக. ஓடிப்போய் பொன்னி கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அவள தனியா அனுப்பாத. தனியா அனுப்பாதம்மா." பொன்னி பயந்துபோய்க் கையை உதறினாள். இவள் விடவில்லை. வலி இல்லை, சும்மா சொன்னேன் என்று பொன்னி அழ ஆரம்பித்துவிட்டாள். அமுதாவுக்கு அது காதிலேயே விழவில்லை. இரண்டு பேரையும் பிரிக்க சின்னப்பொண்ணு வர வேண்டியிருந்தது.

குவார்ட்டர்ஸுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். பத்து வயசுப் பெண், கோழிக்குஞ்சு எடை. மடியில் போட்டுக்கொண்டு என்னடி என்று கேட்டேன். சொன்னாள்.

"எனக்கும் வலிக்குது. அப்பா போனதிலேர்ந்து வலிக்குது. சாப்டா ஜாஸ்தியாவுது. சொன்னா நீ அழுவ. நானும் செத்துட்டா நீ மட்டும்தானே இருப்ப."

இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. கிழியட்டும்.

யாருக்கும் தொந்தரவு இல்லை என்றார் ஏட்டு. ஒரு குழந்தை தன் வயிற்றில் சாவை வைத்துக்கொண்டு இத்தனை நாள் படுத்து எழுந்திருக்கிறது. பட்டினி கிடந்து குடல் காய்ந்து, அந்த வலியை அப்பாவுக்கு வந்த வலி என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல், அம்மா அழுவாளே என்று. சுற்றிலும் இத்தனை பெரிய மனுஷர்கள். ஏட்டு, அத்தை, ஏழுமலை, சித்தி, வெற்றிலை மடித்த எல்லாரும். தலையாட்டின நானும். உங்களையும் சேர்த்துத்தான் ராஜவேலு. உங்களை விட மாட்டேன். மூட்டை கனக்கிறது என்று சொன்னீர்களே, கொஞ்சம் கனம் குறையட்டும் என்று இவள் தலையில் ஏற்றிவிட்டா போனீர்கள்? உங்களுக்கு அது தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் உங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்காது, எனக்குப் புரிகிறது. புரிந்தும் கோபம் வருகிறது.

முதலில் கஞ்சி. ஆறவைத்து, உப்புப் போட்டு, கரண்டி கரண்டியாக. பாதி குடித்தாள். பிறகு சொன்னேன். பாடம் நடத்திப் பழகிய வாய், ஆனால் இதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அப்பாவுக்கு வயிறு வலிக்கவில்லை என்றேன். மனசில் பெரிய நோவு இருந்தது. காய்ச்சல் மாதிரி அதுவும் ஒரு நோவுதான், ஆனால் மேலே தெரியாது. அதற்கும் வைத்தியம் உண்டு, நமக்கு அது தெரியவில்லை. அந்த நோவு தாங்காமல் அப்பா தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். உன்னால் இல்லை. என்னால் இல்லை. ஆயாவால் இல்லை. உன் வயிற்றில் இருப்பது பசி. அது உன்னை ஒன்றும் செய்யாது. உனக்கு எப்போதாவது மனசு அப்படிக் கனத்தால் எந்த நேரமானாலும் என்னை எழுப்பு. நான் அழுதாலும் பரவாயில்லை.

கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஆயாவுக்குத் தெரியுமா?"

தெரியும்.

"சித்தப்பாவுக்கு?"

தெரியும்.

"மணலூர்பேட்ட பாட்டிக்கு? பக்கத்து வூட்டு அக்காவுக்கு?"

தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

"எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள். நான் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் கோபம் சரியான கோபம். தரையைத் துடைத்தேன்.

இன்று காலை என்னுடன் பேசவில்லை. ஆனால் ஆஸ்டல் வரிசையில் நின்று உப்புமா வாங்கினாள். பொன்னி பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டு காலியாகிவிட்டது என்று சின்னப்பொண்ணு வந்து சொல்லிவிட்டுப் போனாள்.


புரட்டாசி 14, வியாழன்

மழை, மழை. கூரை ஒரு இடத்தில் ஒழுகுகிறது.

அமுதா கேள்விகள்: அப்பாவுக்கு அப்போ நான் நெனப்புக்கு வந்திருப்பேனா? (தெரியவில்லை என்றேன்.) ஓடைப் பக்கம் அப்பாவை ஏன் தனியா வெச்சாங்க? (முட்டாள்தனம் என்றேன்.) நாம போயி பாக்கலாமா? (போகலாம்.) அப்பா நல்லவரா? (நல்லவர்.) அப்போ ஏன்?

"அப்போ ஏன்" என்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இல்லை என்றே சொன்னேன். ஒப்புக்கொண்டாள் போலிருக்கிறது. பென்சில் சீவப் போய்விட்டாள்.

வயிறு எப்படி இருக்கிறது என்றேன். எரிச்சலோடு, "பசிக்குது" என்றாள்.


புரட்டாசி 17, ஞாயிறு

வெயில் வந்துவிட்டது. துவைத்தேன்.

காலை பஸ்ஸில் ஏழுமலை. அத்தை அனுப்பியிருக்கிறாள், பெண்ணை அழைத்து வரச் சொல்லி. கையில் முறுக்கு, அமுதாவுக்கு. கொப்புளம் உரிந்து புதுத்தோல். நோட்டீஸ் அடிக்கவில்லை என்று முதல் வார்த்தையாகச் சொன்னார். நான் சரி என்றேன். உட்காரச் சொல்லவில்லை. தானே வாசற்படியில் உட்கார்ந்தார்.

அமுதா வந்து எதிரில் நின்றாள். முறுக்கை வாங்கவில்லை.

"சித்தப்பா, அப்பாவுக்கு வயித்துவலி இல்லன்னு எனக்குத் தெரியும். அம்மா சொல்லிடுச்சி."

ஏழுமலை என்னைப் பார்த்தார். பதில் சொல்லிக் காப்பாற்றுவேன் என்று எதிர்பார்த்தார். நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"நீங்கதான் மொதல்ல பாத்தீங்களா?"

"ஆமாம் பாப்பா."

"அப்பா மூஞ்சி எப்பிடி இருந்துச்சி?"

"தூங்கற மாதிரி" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "தெரியல பாப்பா. நான் மூஞ்சியப் பாக்கல. பயந்துட்டேன். வெளிய ஓடியாந்துட்டேன். அப்பறமும் பாக்கல."

அமுதா அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். முறுக்குப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை.

"எனக்கு அப்பா மேல கோவமா வருது சித்தப்பா. செத்தவங்க மேல கோவப்பட்டா பாவம்னு ஆயா சொன்னாங்க. ஆனா வருது."

ஏழுமலை முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அந்தக் கைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இழவு வீட்டில்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

"எனக்கும் வருது பாப்பா" என்றார். "ரொம்ப வருது. ஒரு செவுத்துக்கு அந்தாண்டதானே இருந்தேன். கூப்ட்டிருந்தா வந்திருப்பனே. ஏன் கூப்டல? என்ன ஏன் கூப்டல?"

கொடியில் துணியைப் போட்டுவிட்டுப் போய் நானும் படியில் உட்கார்ந்தேன். இடம் போதவில்லை. அமுதா நகர்ந்து கொடுத்தாள். மத்தியான பஸ் வந்து ஹார்ன் அடித்தது. எழுந்திருக்க வேண்டியவர் எழுந்திருக்கவில்லை. பஸ் திரும்பிப் போய்விட்டது. ஊருக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டார். ஓமத் தண்ணீருக்கு அவசியம் இருந்திருக்காது என்று முதலில் அதைச் சொல்லுங்கள் என்றேன்.